உங்கள் உள்ளூர் அட்டவணையைப் பார்க்கவும்

நான் சண்டைக்காரன் இல்லை. வாழ்நாள் முழுக்க ஸ்கூல் பஸ் ஓட்டியவன். முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறையப் பிள்ளைகள் காட்டுக் கத்தல் கத்தும்போது ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகியவனுக்குப் பொறுமையைப் பற்றி யாரும் வகுப்பு எடுக்க வேண்டாம். அப்பேர்ப்பட்ட என்னையே ஊர் கவுன்சில் கூட்டத்தில் எழுந்து நின்று மேஜையைத் தட்ட வைத்துவிட்டது ஒரு டிவி சேனல். அதுவும் நிகழ்ச்சியே இல்லாத சேனல்.

அட்டவணைச் சேனலைத்தான் சொல்கிறேன். மற்ற சேனல்களில் என்ன ஓடுகிறது என்று சொல்வது மட்டும்தான் அதற்கு வேலை. திரையின் கீழ்ப்பாதியில் பட்டியல் மெதுவாக மேலே ஊர்ந்து போகும். இரண்டாம் நம்பரில் தொடங்கி ஒவ்வொரு சேனலாக வரும். உங்களுக்கு வேண்டியது முப்பத்தெட்டு என்றால், நீங்கள் டிவியைப் போடும் நேரத்தில் முப்பத்தொன்பது போய்க்கொண்டிருக்கும். எத்தனை முறை போட்டாலும் முப்பத்தொன்பதுதான். சரி, மறுபடி சுற்றி வரட்டும் என்று உட்கார்ந்தால், முப்பத்தாறு வரும்போது யாராவது கதவைத் தட்டுவார்கள். திறந்துவிட்டு வந்தால் நாற்பது.

மேல்பாதியில் விளம்பரம். அங்கே யாராவது ஒருவர் எதையாவது பார்த்து வாயைப் பிளந்து ஆச்சரியப்பட்டுக்கொண்டே இருப்பார். எங்கள் ஹார்மன் கிராசிங்கில் அந்தச் சேனலைச் சத்தத்தை அடைத்துவிட்டுத்தான் பார்ப்போம். மேல்பாதி பக்கம் கண்ணைத் திருப்ப மாட்டோம். திருப்பினால் கீழே நம் சேனல் போய்விடும். பிறகு இன்னொரு சுற்று.

என் மனைவி டோரிஸ் மட்டும் அதைப் பார்த்து எரிச்சல்பட்டதே இல்லை. "என்ன அவசரம் உனக்கு? அது பாட்டுக்கு வரும்" என்பாள். ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்து, சரியாக முப்பத்தெட்டைப் பிடித்துவிடுவாள்.

முப்பத்தெட்டு என்பது சமையல் சேனல். போன இலையுதிர்காலத்தில் அவர்கள் மாநிலம் மாநிலமாகப் போய்ப் பை என்ற இனிப்புப் பலகாரம் சுடும் போட்டி ஒன்றைப் படம் எடுத்தார்கள். எங்கள் இண்டியானாவுக்கு வந்தபோது டோரிஸ் தன் சர்க்கரை க்ரீம் பையைத் தூக்கிக்கொண்டு போனாள். திரும்பி வந்தவளிடம், "என்ன ஆச்சு? ஜெயிச்சியா?" என்று கேட்டேன்.

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருக்காங்க. டிவில பாரு."

"எங்கிட்ட கூடவா?"

"உங்கிட்டதான் முக்கியமா சொல்லக் கூடாது. நீ பெட்ரோல் பங்க் லாய்டுகிட்ட சொல்வ, அவன் ஊருக்கே சொல்வான்."

சிரித்துக்கொண்டே ஏப்ரனை அவிழ்த்து ஆணியில் மாட்டினாள். ஜனவரி மாதம் அடுக்களையிலேயே விழுந்து இறந்துபோனாள். ஆஸ்பத்திரி வரைக்கும்கூட வரவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீடியோ கேமரா வாங்குகிற வழக்கமும் எங்களுக்கு இருந்ததில்லை. அவள் நடப்பதையும் பேசுவதையும் பிடித்து வைத்திருப்பது உலகத்திலேயே அந்த ஒரு நிகழ்ச்சிதான்.

பிப்ரவரியில் சமையல் சேனலிலிருந்து அவள் பெயருக்கு ஒரு கார்டு வந்தது. வாழ்த்துகள், நீங்கள் பங்குபெற்ற நிகழ்ச்சி ஏப்ரல் முதல் ஞாயிறு மாலை, நேரத்துக்கு உங்கள் உள்ளூர் அட்டவணையைப் பார்க்கவும். உடனே அவர்களுக்குப் போன் போட்டேன். பிரதி தர முடியுமா என்றேன். தருவதில்லையாம். மறுபடி போடுவீர்களா என்றேன். உள்ளூர் அட்டவணையைப் பார்க்கச் சொன்னார்கள்.

எங்கள் ஊர்ப் பத்திரிகை டிவி அட்டவணை போடுவதை நிறுத்தி வெகுநாளாகிறது. அதற்குத்தான் சேனல் இருக்கிறதே என்று சொல்லிவிட்டு அந்த இடத்தில் டிராக்டர் விளம்பரம் போடுகிறார்கள். ஆக, டோரிஸுக்கும் எனக்கும் நடுவில் மிச்சம் இருந்தது அந்தச் சேனல் ஒன்றுதான்.

அந்தச் சேனலோ ஒரு மணி நேரம் தப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊரில் கடிகாரத்தை வருஷம் முழுக்க யாரும் தொடமாட்டோம். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மாவட்டத்தில் கோடை வெளிச்சம் வீணாகக் கூடாது என்று ஏப்ரலில் ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அக்டோபரில் பின்னால் இழுப்பார்கள். அதனால் கோடையில் இரண்டு கரைக்கும் ஒரே நேரம். குளிர்காலத்தில் அவர்கள் எங்களைவிட ஒரு மணி பின்னால். யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் "உங்க நேரமா, எங்க நேரமா?" என்று கேட்டுவிட்டுத்தான் பரிசு வாங்கப் போவோம். பழகிவிட்டது.

டிரை-ரிவர் கேபிள் கம்பெனியின் கொட்டகை அந்தக் கரையில், ஒரு சோயா வயலுக்கு நடுவில் இருந்தது. அட்டவணையைத் தள்ளும் இயந்திரமும் அங்கேதான். ஒரு முறை வாடிக்கையாளர் தினம் என்று கூட்டிப் போய்க் காட்டினார்கள். இயந்திரம் என்று பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போனோம். பிள்ளைகள் வீட்டில் விளையாட வாங்குகிற கம்ப்யூட்டர் ஒன்று, அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்திருந்தது. அவ்வப்போது அதற்குக் கிறுக்குப் பிடித்துக் கறுப்புத் திரையில் சிவப்புக் கட்டம் ஒன்று விட்டு விட்டு மின்னும். போன வருஷம் அறுவடைத் திருவிழா வாரம் முழுக்க அந்தச் சிவப்புக் கட்டம்தான் ஓடியது. பாதி ஊர் அதையும் உட்கார்ந்து பார்த்தது, முப்பத்தெட்டு வந்துவிடும் என்று.

எது எப்படியோ, அட்டவணை அவர்கள் நேரத்தில் ஓடும். குளிர்காலத்தில் அது ஏழு என்றால் நமக்கு எட்டு. டோரிஸ் மனசுக்குள்ளேயே ஒன்று கூட்டிக்கொள்வாள். நான் கூட்ட மாட்டேன் என்றில்லை. ஆனால் இது வேறு விஷயம். வீடியோ ரெக்கார்டரில் நேரம் வைக்க வேண்டும். ஒரே ஒரு தடவைதான் காட்டுவார்கள். நேரத்தைச் சரி செய்து தொலையுங்கள் என்று கம்பெனிக்குப் போன் செய்தேன்.

"உங்கள் நேரம் எங்களுக்குப் பொக்கிஷம்" என்றது போன். அதன் பிறகு வயலின் வாசித்தது. பன்றி இறைச்சி பொரித்து, சாண்ட்விச் செய்து, சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்த பிறகு ஷானா என்ற பெண் வந்தாள்.

"உங்க சேனல் ஒரு மணி நேரம் பின்னால ஓடுதும்மா" என்றேன்.

"எங்க பக்கம் சரியாத்தான் காட்டுது சார்."

"உங்க பக்கம் சரி. எங்க பக்கம் தப்பு."

"அப்போ பிரச்சினை உங்க பக்கம்தான் சார் இருக்கு. டிவிய ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?"

"டிவிய ஆஃப் பண்ணா மணி மாறுமா?"

"பல வாடிக்கையாளர்களுக்கு மாறியிருக்கு சார்."

கவுன்சிலுக்குப் போனேன். கேபிள் கம்பெனிக்கு ஊரில் கம்பி இழுக்க உரிமம் தருவது கவுன்சில்தான். தலைவர் ராய் ஸ்டக்கி நல்ல மனுஷன், தீவனக் கடை வைத்திருப்பவர். எதற்கும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. கம்பெனியின் வட்டார மேலாளர் பெல்சர் ஆற்றைத் தாண்டி வந்தார். கையில் ஒரு சுட்டுக்கோல், கூடவே படம் மாட்டிய ஸ்டாண்டு.

"திரு. ஹோஸ்டெட்லர் சொல்றதை நாங்க ரொம்ப மதிக்கிறோம்" என்று தொடங்கினார் பெல்சர். என் பெயரைச் சரியாகச் சொன்ன முதல் கேபிள்காரர் என்று கொஞ்சம் மகிழ்ந்தும் போனேன். "எங்க இயந்திரத்துல நேரத்த மாத்தினா அந்தக் கரை ஊர்களுக்கெல்லாம் தப்பாயிடும். ஆழமா யோசிச்சோம். ஒரு எளிமையான தீர்வு கெடைச்சிருக்கு. ஹார்மன் கிராசிங் தன்னோட நேரத்த மாத்திக்கலாம்."

நான் சிரித்தேன். சபையில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ராய் ஸ்டக்கி தாடையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"ஊர் முழுக்கவா?" என்றார்.

"ஒரு மணி நேரம்தானே சார். குளிர்காலத்துல மட்டும். எல்லாக் கடிகாரத்தையும் மாத்தித் தர்றதுக்கு எங்க ஆளையே அனுப்பறோம், இலவசமா. காலை எட்டு மணியிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வருவார். வீட்ல ஆள் இருக்கணும்."

இதை ஆராய ஒரு குழு போட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், போட்டார்கள். பள்ளிக்கூடம் சம்மதித்தது. தீயணைப்புப் படை சம்மதித்தது, தீ நேரம் பார்த்து வருவதில்லை என்று காரணம் சொன்னது. பசு மாடுகளின் சார்பில் பால் பண்ணைக்காரர்கள் எதிர்த்தார்கள். கடைசியில் மெதடிஸ்ட் சர்ச் பாதிரியார் எழுந்து, ஞாயிறு ஆராதனையை ஒரு மணி நேரம் தள்ளினால் பக்கத்து ஊர் பாப்டிஸ்ட் சர்ச்சுக்காரர்கள் உணவகத்தில் எல்லா மேஜையையும் முதலில் பிடித்துவிடுவார்கள் என்று சொன்னார். அதோடு தீர்மானம் தோற்றது.

பெல்சர் மனம் தளரவில்லை. "வாடிக்கையாளருக்காக நாங்க கையாலயே மாத்தறோம்" என்றார். ஹார்மன் கிராசிங்குக்கு என்று தனியாக ஒரு இயந்திரம் வைத்து, அதில் ஒரு மணி நேரம் கூட்டுவார்களாம். வேலைக்கு உத்தரவு போட்டு, மேலிடத்துக்கு அனுப்பி, திரும்பி வர மார்ச் முழுக்கப் போய்விட்டது. ஏப்ரல் முதல் ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை கூட்டினார்கள். பத்திரிகையில் அரைப்பக்கம் விளம்பரமும் வந்தது: "ஹார்மன் கிராசிங்குக்கு மட்டும்! இனி ஒரு மணி நேரம் முன்கூட்டியே!"

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நான் கவனிக்கவில்லை.

ஏப்ரல் முதல் ஞாயிறு விடிகாலை அந்தக் கரையில் கடிகாரத்தை முன்னால் தள்ளும் நாள். இயந்திரம் அந்தக் கரையில் இருக்கிறது. அது தன் பாட்டுக்குத் தானாகவே ஒரு மணி கூட்டிக்கொண்டது. வெள்ளிக்கிழமை கையால் கூட்டியது ஒன்று, ஞாயிறு தானாகக் கூட்டியது ஒன்று. ஒன்றுமே செய்யாமல் விட்டிருந்தால் அன்றைக்குச் சேனல் சரியாக ஓடியிருக்கும். திருத்தியதால் ஒரு மணி நேரம் தப்பாகிவிட்டது, இந்தத் தடவை எதிர்ப்பக்கமாக.

திரை ஓரத்தில் முன்பெல்லாம் ஒரு சின்னக் கடிகாரம் இருக்கும். அது இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அந்த மூலையைக் குளிர்காலத்திலேயே ஒரு மெத்தைக் கடைக்கு விற்றுவிட்டார்கள்.

அன்று மாலை ஆறரைக்கே உட்கார்ந்துவிட்டேன். சத்தத்தை அடைத்தேன். கண்ணைக் கீழ்ப்பாதியில் நட்டேன். அட்டவணை ஏழரையிலிருந்து காட்டியது. ஒரு மணி நேரம் முன்கூட்டியே என்று சொன்னது இதைத்தான் போலிருக்கிறது, பரவாயில்லையே என்று நினைத்தேன். முப்பத்தெட்டு வந்தது. எட்டு மணி, பை போட்டி, இண்டியானா. ரெக்கார்டரில் எட்டு என்று வைத்தேன். அதோடு விட்டேனா? இவர்களை நம்பக் கூடாது என்று கம்பெனிக்கும் ஒரு போன் போட்டேன்.

என் நேரம் அவர்களுக்குப் பொக்கிஷம் என்றது. வயலின். போனைக் காதிலும் கண்ணைக் கீழ்ப்பாதியிலும் வைத்துக்கொண்டு சுற்றுக்குச் சுற்று பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் எட்டு மணி என்றே வந்தது. ஏழரை ஆகப் போகும்போது ஷானா எடுத்தாள்.

"எட்டு மணிதான் சார். உறுதியா சொல்றேன்."

"எதைப் பாத்துச் சொல்ற?"

"எங்க முன்னால ஒரு டிவி இருக்கு சார். உங்க ஊர் அட்டவணைச் சேனல்தான் ஓடுது."

எட்டு மணிக்கு முப்பத்தெட்டைப் போட்டேன். வெங்காயம் நறுக்கும் மெஷின் விற்கிற ஆள் ஒருவன் கையைத் தட்டிக்கொண்டிருந்தான். எட்டரை வரைக்கும் நறுக்கினான். ரெக்கார்டர் அவனை ஒழுங்காகப் பிடித்து வைத்திருக்கிறது. டோரிஸ் ஏழு மணிக்கு வந்து ஏழரைக்குப் போய்விட்டிருந்தாள். அந்த நேரத்தில் நான் அவள் எப்போது வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊரில் எல்லாரும் எட்டு மணி என்று நம்பியதால் ஒருவரும் பார்க்கவில்லை. அட்டவணையே பார்க்காத சோம்பேறி ஒருவன் மட்டும் பார்த்திருந்தான், பெட்ரோல் பங்க் லாய்ட்.

"யாரோ ஒரு அம்மா பை செஞ்சாங்கப்பா. அட, அது நம்ம டோரிஸா?" என்றான்.

"ஜெயிச்சாளாடா?"

"அதுக்குள்ள விளம்பரம் வந்துச்சு. மாத்திட்டேன்."

அவனை அடிக்கவில்லை. எனக்குப் பொறுமை அதிகம் என்று முதலிலேயே சொன்னேன்.

மே மாதக் கூட்டத்தில்தான் மேஜையைத் தட்டினேன். உரிமம் புதுப்பிக்கும் கூட்டம் அது. விளம்பரத்தைத் தூக்கு, மூலையிலிருக்கும் மெத்தைக் கடையைத் தூக்கு, திரை முழுக்க அட்டவணை போடு, சீக்கிரமாகச் சுற்று, கடிகாரத்தைக் கொண்டு வா என்று வரிசையாகக் கேட்டேன். ஊர்க்காரர்கள் கை தட்டினார்கள். எல்லாருமே எதையோ தவறவிட்டிருந்தார்கள்.

பெல்சர் எழுந்து படத்தை விரித்தார். முகத்தில் வருத்தம் தெரிந்தது. அது உண்மையான வருத்தம்தான்.

"அட்டவணைச் சேனல் இருக்கறது நிகழ்ச்சி எப்போன்னு சொல்றதுக்குத்தான்னு நெறைய பேரு தப்பா நினைச்சுட்டிருக்காங்க" என்றார். "எங்க கணக்கெடுப்பைப் பாருங்க. நாங்க குடுக்கற எல்லாச் சேனலையும் விட மக்கள் அதிக நேரம் உக்காந்து பாக்கறது இதைத்தான். ஏன்? தேடறது கெடைக்கல. கெடைச்சா வேற சேனலுக்குப் போயிடுவாங்க. ஒருத்தருக்குச் சீக்கிரம் பதில் சொல்லிட்டா நாங்க ஒரு பார்வையாளரை இழக்கறோம். போன வருஷம் சிவப்புக் கட்டம் மின்னுச்சே, அந்த வாரம்தான் எங்களுக்கு உச்சம். அதை ஏன் சரி பண்ணோம்னு மேலிடத்துல இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட கேட்டுட்டிருக்காங்க."

ராய் ஸ்டக்கி மெதுவாக, "அப்போ உரிமம்..." என்று இழுத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக வேண்டாம் என்று சொல்லிவிடுவார் போலிருந்தது.

பெல்சர் சுட்டுக்கோலை மடக்கினார். "வாடிக்கையாளர் குரலே எங்க குரல்" என்றார்.

ஜூன் தொடக்கத்தில் செய்து காட்டினார்கள். ஹார்மன் கிராசிங்கில் மட்டும் திரை முழுக்க அட்டவணை, ஓரத்தில் கடிகாரம், விளம்பரம் இல்லை. நூலக வாசலில் ரிப்பன் வெட்டினோம். எனக்குப் பாராட்டுப் பலகை ஒன்று கொடுத்தார்கள். அதில் என் பெயரைத் தப்பாகப் பொறித்திருந்தார்கள். இருந்தாலும், சொல்கிறேனே, ஜெயித்தோம் என்றுதான் இருந்தது. டோரிஸ் நிகழ்ச்சி மறுபடி எப்போதாவது வந்தால் இனிமேல் தப்பாது என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் மார்லிஸ் வந்தாள். டோரிஸின் அக்கா. இடுப்பு ஆபரேஷன் முடிந்து அப்போதுதான் கோலூன்றி வெளியே வரத் தொடங்கியிருந்தாள். சுடச்சுடச் சமைத்துக் கொண்டுவந்த சோளக் கேசரோலை மேஜையில் வைத்தாள். உட்காரவில்லை.

"ஏம்பா வெர்லின், டோரிஸை எங்க தூக்கிட்டாங்க?"

"எந்த டோரிஸ?"

"எந்த டோரிஸா? நம்ம டோரிஸத்தான் கேக்கறேன். அந்தப் பட்டியல் சேனல்ல மேல வருவாளே. இன்னைக்குக் காலைலேர்ந்து ஒரே எழுத்தா ஓடுது. எனக்குத்தான் அந்தப் பொடி எழுத்து தெரியாதே. நான் போடறதே அவளப் பாக்கத்தான்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளே சொன்னாள். சமையல் சேனலின் விளம்பரம் ஒன்று. பை போட்டியிலிருந்து துண்டு துண்டாக நாலைந்து முகங்கள். கடைசியில் டோரிஸ், மாவு ஒட்டின கையோடு கேமராவைப் பார்த்து, "இது சரியா வரலைன்னா வெர்லின் தலையில கவுத்துடுவேன்" என்று சொல்லிச் சிரிக்கிறாள். மார்ச் மாதத்திலிருந்து ஓடுகிறதாம். மணிக்கு ஐந்தாறு தடவை.

"என் பேரையா சொன்னா?"

"நீ கேட்டதே இல்லையா?"

"சத்தத்த அடைச்சு வச்சிருந்தேன்."

"பாக்கவாவது பாத்திருப்பியே?"

"கீழ பாத்துட்டிருந்தேன்."

மார்லிஸ் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அடக் கடவுளே. ராத்திரி பகலா நீ அந்தச் சேனலுக்கு முன்னாலயே கெடக்கேன்னு ஊரே சொல்லுச்சு. பாவம், பொண்டாட்டி மொகத்தப் பாக்க உக்காந்திருக்கான், அதப்பத்தி அவன்கிட்ட யாரும் பேசிடாதீங்கன்னு நான்தான் எல்லாருக்கும் சொல்லி வச்சேன்."

கேசரோல் ஆறிப்போனது. நான் அழுதேன். அவளும் அழுதாள். இதில் மறைக்க ஒன்றுமில்லை.

மறுநாள் காலையிலேயே ஆற்றைத் தாண்டிப் பெல்சர் அலுவலகத்துக்குப் போனேன். நேரத்தைச் சரியாகக் கணக்குப் போட்டுத்தான் போனேன். கோடையில் கணக்குப் போடத் தேவையில்லை என்பது பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

"விளம்பரத்த மறுபடி போடுங்க" என்றேன்.

பெல்சர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்கதானே சார் எடுக்கச் சொன்னீங்க?"

"நான்தான். இப்போ போடச் சொல்றேன். எல்லா விளம்பரமும் வேண்டாம், ஒண்ணே ஒண்ணு." டோரிஸைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண் கலங்கியது. கெட்ட மனுஷன் என்று நான் சொல்ல மாட்டேன்.

"ஒரு விளம்பரம் மட்டும் போட முடியாது சார். மேல இருந்து மொத்தமா வரும். வந்தா எல்லாம் வரும், இல்லைன்னா ஒண்ணும் வராது. ஆனா மேலிடத்துக்கு நான் எடுத்துச் சொல்லணும்னா வாடிக்கையாளர் வாயால வரணும்." எழுந்து போய் ஒரு கேமராக்காரனைக் கூட்டி வந்தார். "எங்கிட்ட சொன்னதையே சொல்லுங்க. மனசுலேர்ந்து சொல்லுங்க."

சொன்னேன். டோரிஸைப் பற்றியும், சத்தத்தை அடைத்ததைப் பற்றியும், மார்லிஸைப் பற்றியும் சொன்னேன். கடைசியில், "எனக்கு அந்த விளம்பரம் வேணும், தயவு செஞ்சு திருப்பிக் குடுங்க" என்றேன். கேமராக்காரன் கட்டை விரலை உயர்த்திக் காட்டினான்.

பெல்சர் கேட்டதைவிட அதிகமாகவே மேலிடம் கொடுத்தது. இத்தனை வருஷத்தில் விளம்பரம் வேண்டும் என்று கெஞ்சிய முதல் வாடிக்கையாளர் நான்தானாம். அடுத்த மாதமே எங்கள் ஊரில் மட்டுமில்லை, இரண்டு கரையிலும் அட்டவணையை அடியோடு எடுத்துவிட்டார்கள். கீழ்ப்பாதி என்று ஒன்று இனிமேல் கிடையாது. திரை முழுக்க விளம்பரம், நாள் முழுக்க. சேனலின் பெயர் மட்டும் மாறவில்லை, இன்னும் அட்டவணைச் சேனல்தான். நிகழ்ச்சி நேரம் தெரிய வேண்டுமானால் புதுப் பெட்டி ஒன்று வாடகைக்கு எடுக்க வேண்டுமாம். அது எங்கள் ஊருக்கு எப்போது வரும் என்று அவர்களுக்கே தெரியவில்லை.

ஊரில் பாதிப் பேர் என்னோடு பேசுவதில்லை. ராய் ஸ்டக்கி தீவனக் கடையில் என்னைப் பார்த்தால் பின்பக்கம் போய்விடுகிறார். லாய்டுக்கு மட்டும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

நான் இப்போது சத்தத்தை அடைப்பதில்லை. ரெக்கார்டரில் புது கேசட் போட்டிருக்கிறேன். விரல் பொத்தான் மேலேயே இருக்கிறது. சமையல் சேனல் விளம்பரம் வருகிறது. ஆனால் கோடைக்கு என்று புதிதாக எடுத்தது, ஆட்கள் தோட்டத்தில் நின்று இறைச்சி சுடுகிறார்கள். பழையது அவ்வப்போது நடுவில் வரும் என்று பெல்சர் சொல்லியிருக்கிறார். எப்போது என்று சொல்ல அவரால் முடியவில்லை. மார்லிஸ் போன வாரம் பார்த்ததாகச் சொன்னாள். நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன்.

தவறாமல் வருகிறவன் ஒருவன் இருக்கிறான். சட்டை காலர் மடங்கிப்போய், கண் சிவந்து ஒரு கிழவன் திரை முழுக்க நிற்கிறான். டோரிஸ், மார்லிஸ் எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, "எனக்கு அந்த விளம்பரம் வேணும், தயவு செஞ்சு திருப்பிக் குடுங்க" என்பதை மட்டும் வைத்திருக்கிறார்கள். கீழே பெரிய எழுத்தில், "கேட்டார், கொடுத்தோம்" என்று வருகிறது. மணிக்கு ஐந்தாறு தடவை. என் பெயரை அதிலும் தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

நேற்று மத்தியானம் போன் அடித்தது. எடுத்ததும் தெரிந்தது, ஷானா. என்னை அவளுக்குத் தெரியவில்லை.

"டிரை-ரிவர் கேபிள்லேர்ந்து ஒரு சின்னக் கணக்கெடுப்பு சார். அட்டவணைச் சேனல ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் பாக்கறீங்க?"

"அதுக்கு முன்னால நீ ஒண்ணு சொல்லும்மா. அதுல ஒரு விளம்பரம் வரும். ஒரு அம்மா பை செஞ்சுட்டுச் சிரிப்பாங்க. அது எப்போ வரும்?"

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அதுக்கு நீங்க உங்க உள்ளூர் அட்டவணையைப் பாக்கணும் சார்."

திரையில் நான் வந்தேன். கெஞ்சினேன், போனேன். அடுத்தது அவளாகக்கூட இருக்கலாம்.

"சார்? எவ்வளவு நேரம்னு போட்டுக்கட்டும்?"

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல், "நாள் முழுக்கன்னே போட்டுக்கோம்மா" என்றேன்.